என்ஜின் இல்லை, பெட்ரோல் இல்லை! ஜோராகப் பறந்தாள் ரோகிணி!

காரியாபட்டி:

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் ரோட்டில், காரியாபட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு நிமிஷம் தலையைத் தூக்கிப் பாருங்கள். பகல் 12 மணி. சுள்ளென்ற வெயில். கரிசல் காடு அடுப்பில் வைத்த சட்டி மாதிரி காய்ந்து கிடக்கிறது.

மேலே ஒரு பருந்து வட்டம் போடுகிறது. இறக்கையை ஒரு தடவைகூட அடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வட்டத்துக்கும் உயரே போய்க்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் புள்ளியாகி மறைந்துவிடுகிறது.

அதே வேலையை மனிதனும் செய்கிறான். மரச்சட்டம், ஒட்டுப்பலகை, துணி. இவ்வளவுதான் அவன் வாகனம். அதற்குப் பெயர் கிளைடர்.

இதில் ஒரு தனி ரகம் இருக்கிறது. ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முந்திய மரக் கிளைடரைத் தேடிப்பிடித்து, சொந்தக் காசில் வாங்கி, பழுது பார்த்து, அதிலேயே பறக்கிறவர்கள்! இங்கிலாந்தில் இவர்களுக்கு 1973 முதல் ஒரு சங்கமே உண்டு. கிறிஸ் வில்ஸ் என்பவர் தொடங்கியது. பல நாட்டுக்காரர்கள் வருஷா வருஷம் கிளைடரை வண்டியில் இழுத்துக்கொண்டு ஓரிடத்தில் கூடுகிறார்கள். நம்ம ஊர் மாட்டுத்தாவணி மாதிரிதான். வந்ததும் முதலில் அடுத்தவன் கிளைடரைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள்.

"என்ஜின் இல்லாமே எப்படிய்யா மேலே போகும்?"

நியாயமான கேள்வி. பதில் நம் காட்டிலேயே இருக்கிறது. கோடையில் சூறைக்காத்து சருகையும் தூசியையும் சுருட்டிக்கொண்டு தூண் மாதிரி எழும்புமே, பார்த்திருப்பீர்கள். கறுப்பு மண் சீக்கிரம் சுடும். சுட்ட மண்ணின் மேலிருக்கும் காற்றும் சுடும். சுட்ட காற்று மேலே கிளம்பும். தூசி இருந்தால் அது கண்ணுக்குத் தெரியும். இல்லாவிட்டால் தெரியாது. பருந்துக்கு மட்டும் தெரியும்.

கிளைடர் எப்போதும் கீழே சறுக்கிக்கொண்டுதான் இருக்கும். நல்ல மரக் கிளைடர் நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர் இறங்கும். ஆனால் அதைச் சுற்றியுள்ள காற்று நொடிக்கு மூன்று மீட்டர் ஏறினால்? மிச்சம் இரண்டு மீட்டர் லாபம். நாலு நிமிஷத்தில் 500 மீட்டருக்குப் பக்கமாக ஏறிவிடலாம். கடைக்காரருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். வரவு செலவுதான்.

சிவகாசி ராக்கெட்டைப் பாருங்கள். மருந்து தீர்ந்ததும் குச்சி கீழே விழுந்துவிடும். கிளைடருக்கு மருந்தே வைப்பதில்லை. அதனால் தீர்ந்துபோகவும் ஒன்றுமில்லை. பொழுது சாய்கிற வரை மேலே சுற்றலாம்.

பஞ்சாங்கப் பெயர்கள்

இங்கிலாந்துக்காரன் கதை கிடக்கட்டும். நம்மவர்கள் கட்டிய மரக் கிளைடர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

டெல்லி சப்தர்ஜங் விமான நிலையத்தில் சிவில் விமானப் போக்குவரத்து இலாகாவின் தொழில்நுட்ப மையம் இருந்தது. அங்கே உட்கார்ந்து நம் என்ஜினீயர்கள் வரிசையாகக் கிளைடர் வரைந்தார்கள். 1958-ல் அசுவினி பறந்தது. 1961-ல் ரோகிணி. 1963-ல் கார்த்திக். பிறகு பரணி, மிருகசீர், ஆர்த்ரா என்றும் வந்தன. ஆர்த்ரா என்றால் நம் திருவாதிரைதான்.

பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் இப்போதே பிடித்திருப்பார்கள். அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை. முதல் ஆறு நட்சத்திரமும் அப்படியே! வெள்ளைக்காரன் போன சில வருஷத்துக்குள் நம் ஆட்கள் விமானம் வரைந்து, அதற்கு நம் பாட்டி சொல்லும் பெயரையும் வைத்தார்கள்.

இதில் ரோகிணிக்குத்தான் பேர் அதிகம். வரைந்தவர் எஸ்.ராமாமிர்தம். நம் பக்கம் ஊருக்கு ஒருவராவது வைத்திருக்கும் பெயர்! பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனம் ரோகிணியை வரிசையாகக் கட்டிக் கொடுத்தது. கிளைடிங் கிளப்புகளிலும், என்.சி.சி. விமானப் பிரிவிலும் பையன்கள் இதில்தான் கற்றார்கள்.

ரோகிணியில் இரண்டு சீட். முன்னும் பின்னுமாக அல்ல, பக்கத்தில் பக்கத்தில். மாட்டு வண்டி முன்பலகையில் அப்பனும் மகனும் உட்கார்ந்த மாதிரி வாத்தியாரும் மாணவனும் உட்காரலாம். மாணவன் முகம் வெளிறினால் வாத்தியாருக்கு உடனே தெரியும். வாத்தியார் முகம் வெளிறினால்... அதுவும் தெரியும்!

பஸ் வேகத்தில் பறப்பு

பழசில் என்ன சுகம்? புதுசு வாங்கினால் ஆகாதா?

கணக்குப்படி புதுசுதான் உசத்தி. இங்கிலாந்தின் ஸ்லிங்ஸ்பி டி-21 என்ற மரக் கிளைடர் 1944-ல் முதலில் பறந்தது. ரோகிணி போலவே பக்கத்துப் பக்கத்து சீட். ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விட்டால், காற்று அசையாத நாளில், 20 கிலோமீட்டர் சறுக்கிப் போகும். காரியாபட்டி வானத்தில் புறப்பட்டால் அருப்புக்கோட்டையை நெருங்கிவிடலாம். இன்றைய கண்ணாடியிழைக் கிளைடர் அதே உயரத்திலிருந்து 40, 50 கிலோமீட்டர் போகும்.

ஆனால் டி-21-க்கு மூடி கிடையாது. மோட்டார் சைக்கிள் மாதிரி முன்னால் சின்னக் கண்ணாடி மட்டும். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகம். நம் மப்சல் பஸ்ஸே முந்திவிடும். காற்று முகத்தில் அடிக்கும். வேகம் கூடினால் கம்பியிலும் கட்டையிலும் காற்று விசிலடிக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே வேகத்தைச் சொல்லிவிடுவார்கள். தாழப் பறந்தால் கீழே நாய் குரைப்பது கேட்கும். அடுப்புப் புகை மணக்கும். கண்ணாடி மூடிக்குள் உட்கார்ந்தவனுக்கு இது ஏது?

மெதுவாகப் பறப்பதில் காரிய லாபமும் உண்டு. வட்டம் சின்னதாகப் போடலாம். ஒடுங்கிய வெப்பக் காற்றுக்குள்ளும் நுழைந்து மேலே வந்துவிடலாம். வேகக்காரன் வெளியே போய் விழுவான்.

காற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்ட ஒரு பழைய கருவி உண்டு. இரண்டு கண்ணாடிக் குழாய். ஒன்றில் பச்சை உருண்டை, ஒன்றில் சிவப்பு. பச்சை எழுந்தால் ஏற்றம். சிவப்பு எழுந்தால் இறக்கம். ரெயில்வே சிக்னல் தெரிந்தவன் புரிந்துகொள்வான்.

கிளப்பிவிடுவதும் வேடிக்கை. வின்ச் வைத்து இழுப்பார்கள். இல்லாவிட்டால் குட்டி விமானம் கயிறு கட்டி இழுக்கும். இரண்டுக்கும் முந்திய முறை ஒன்று உண்டு. மலைச்சரிவில் கிளைடரை வைத்து, ரப்பர் கயிற்றின் இரண்டு பக்கமும் ஆட்கள் பிடிப்பார்கள். "நட!" என்றால் நடக்க வேண்டும். "ஓடு!" என்றால் ஓட வேண்டும். கவண்கல் மாதிரி கிளைடர் அவர்கள் தலைக்கு மேல் பாயும். தேர் வடம் பிடித்த ஊர்க்காரனுக்கு இந்த வேலையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பாலில் செய்த பசை

சொந்தமாக வைத்திருப்பதில் தொல்லையும் கொஞ்சமல்ல. நாலைந்து பேர் கூட்டாகப் பணம் போட்டுத்தான் வாங்குகிறார்கள். சில சமயம் கிளைடர் விலையைவிட, மழை படாமல் வைக்கும் ஷெட்டும் இழுத்துப் போகும் டிரெய்லரும் அதிகம் இழுத்துவிடும்.

பெரிய பயம் பசை. பழைய கிளைடர் பலவற்றில் மரத்தை ஒட்டியது கேசின் பசை. கேசின் என்பது பாலில் இருக்கும் புரதம். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். வெளியே வர்ணம் பளபளக்கும். உள்ளே ஒட்டு விட்டுப்போயிருக்கும். இறக்கை மேலே ஒடிந்தால் அப்புறம் பேச்சில்லை. கிளைடர் கலையின் முன்னோடி ஜெர்மன்காரர் ஓட்டோ லிலியந்தால் 1896-ல் விழுந்துதான் செத்தார். அதனால் பழைய கிளைடரின் துணியைக் கிழித்து, ஒவ்வொரு மூட்டாகத் தட்டிப் பார்க்கிறார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க இந்த வேலைதான். தச்சாசாரி கண்ணும் கையும் வேண்டும்.

பிறகு புதுத் துணி போர்த்தி, அதன் மேல் டோப் என்ற வார்னிஷ் பூசுவார்கள். துணி முரசுத் தோல் மாதிரி இறுகும். அந்தக் கால டோப்பில் இருப்பது நைட்ரோ செல்லுலோஸ். சிவகாசிப் பக்கம் இதன் குணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பீடி பற்றவைத்துக்கொண்டு பக்கத்தில் போகாதீர்கள்.

யார் காப்பாற்றுவது?

1980-களில் இங்கிலாந்து விமானப்படை தன் பயிற்சிக்கான மரக் கிளைடர்களைக் கழித்துவிட்டுக் கண்ணாடியிழைக்கு மாறியது. கழித்ததைத் தனி ஆட்கள் வாங்கினார்கள். அவற்றில் சில இன்னும் பறக்கின்றன. லாஷம் என்ற ஊரில் 2013-ல் பழைய கிளைடர்களுக்கென்று ஒரு கொட்டகையே திறந்தார்கள்.

இங்கே கிளைடர் என்றால் சர்க்கார் சொத்து, அல்லது கிளப் சொத்து. புனே பக்கம் ஹடப்சரில் சர்க்கார் கிளைடிங் மையம் பல்லாண்டு நடந்தது. என்.சி.சி. பிற்பாடு என்ஜின் வைத்த மைக்ரோலைட்டுக்கு மாறிவிட்டது. மரக் கிளைடரை "என்னுது" என்று சொல்லித் தூசி தட்ட ஒரு ஆள் இல்லை. கழித்துப் போட்ட மரத்தை ஈரமும் கறையானும் விட்டுவைக்குமா?

ஒரு ரோகிணியையாவது பறக்கிற நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. கண்ணாடிப் பெட்டியில் அல்ல, வானத்தில். மரம் வேலை செய்ய ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். காரியாபட்டிப் பக்கம் வந்து பார்க்கட்டும்.

சாயங்காலம் 5 மணிக்கு மேல் மண் ஆற ஆரம்பிக்கும். வெப்பக் காற்று ஓயும். பருந்தும் கூட்டுக்குத் திரும்பும். கிளைடர்காரனும் அப்போதுதான் இறங்குவான். சக்கரம் புல்லில் தடதடவென்று ஓடி நிற்கும். ஒரு இறக்கை மெல்லச் சாய்ந்து தரையில் படும். நாலு பேர் ஓடி வந்து இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றுவார்கள். அதற்கு முன்னால் ஈரத் துணியால் ஒரு தரம் துடைத்து, உடனே காய்ந்த துணியாலும் துடைப்பார்கள். பால் பசை ஆயிற்றே!