ஆம்பை நகலெடுக்கும்போது ப்ரீஆம்ப் என்ன செய்கிறது?

எலக்ட்ரிக் கிட்டாரின் ஓசை என்று நாம் ரசிப்பதில் பெரும்பங்கு ஆம்ப்ளிஃபயருடையது. வால்வுகளை அவற்றின் தாங்குதிறனுக்கு மேல் தூண்டும்போது ஒலியலையின் உச்சி நசுங்குகிறது. நசுங்கிய அலையில் கம்பி தராத புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. டிஸ்டார்ஷன் என்று கலைஞர்கள் சொல்லும் கரகரப்பு இதுதான். பிறகு 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கூர்மையைச் சீவிவிடுவதால், காதைக் கீறியிருக்க வேண்டிய ஓசை இனிமையாகிறது.

இந்த இனிமைக்கு ஒரு விலை உண்டு. நல்ல வால்வு ஆம்ப் கனமானது, உரக்க ஒலித்தால்தான் அழகாகப் பேசும். ஊர் ஊராகச் சுமக்கவும் முடியாது, அடுக்குமாடி வீட்டில் வாசிக்கவும் முடியாது. ஜெர்மனியின் ரெக்லிங்ஹவுசன் நகரில் இயங்கும் கெம்பர் நிறுவனம் 2011இல் இதற்கு ஒரு வழி காட்டியது. ஆக்சஸ் வைரஸ் என்ற சிந்தசைசரால் முன்பே பெயர் பெற்றிருந்த கிறிஸ்டோஃப் கெம்பர் உருவாக்கிய புரொபைலர் என்னும் பெட்டி, ஆம்பின் மின்சுற்றைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. விசித்திரமான சோதனை ஒலிகளை ஆம்புக்குள் அனுப்புகிறது, ஸ்பீக்கர் முன் வைத்த மைக் வழியாகத் திரும்பி வருவதைக் கேட்கிறது, போனதையும் வந்ததையும் ஒப்பிட்டு அந்த ஆம்பின் நடத்தையைக் கணித்துச் சேமிக்கிறது. அதன்பின் கிட்டாரைப் பெட்டியில் செருகினால் போதும். நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற திறந்தமூல மென்பொருள்கள் இன்று இதே வேலையை நரம்பியல் வலைப்பின்னல்களைக் கொண்டு செய்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஆம்ப் எங்கே முடிகிறது, மைக் எங்கே தொடங்குகிறது என்பது இந்தப் பெட்டிக்குத் தெரியாது. திரும்பி வரும் வழியில் இருக்கும் அத்தனையும் அதற்கு ஆம்ப்தான். அந்த வழியின் கடைசிக் கருவி ப்ரீஆம்ப்.

அது ஏன் தேவைப்படுகிறது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். கிட்டார் ஆம்புகளின் முன் உலகெங்கும் வைக்கப்படும் மைக், ஷூர் நிறுவனம் 1965இல் வெளியிட்ட எஸ்எம்57. 94 டெசிபல் ஒலிக்கு அது தரும் மின்னழுத்தம் 2 மில்லிவோல்ட்டைக்கூட எட்டாது. ஆம்ப் 114 டெசிபலில் முழங்கினால் அது பத்து மடங்காகும், அதாவது 20 மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. தொழில்முறைக் கருவிகள் எதிர்பார்க்கும் லைன் அளவோ 1.23 வோல்ட். இடையிலுள்ள அறுபது எழுபது மடங்கை இரைச்சல் கூட்டாமல் நிரப்புவதே ப்ரீஆம்பின் வேலை.

புரொபைலரிலேயே மைக்கை நேராகச் செருகும் வசதி இருக்கிறது. எஸ்எம்57 ஒன்றை மட்டும் வைத்துப் பதிவு செய்பவருக்கு அதுவே போதும். ஆனால் கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் வேண்டும், அதைப் புரொபைலர் தருவதில்லை. இரண்டு மைக் ஓசைகளைக் கலக்க நினைத்தாலும் சிக்கல், ஏனென்றால் திரும்பி வரும் வாசல் ஒன்றுதான். முதல் நிலைமையில் 48 வோல்ட் தரும் வெளி ப்ரீஆம்பும், இரண்டாவதில் அத்துடன் மிக்சரும் உதவும்.

இரண்டு மைக் வைப்பவர் தூரத்தையும் அளந்துகொள்ள வேண்டும். ஒலி வினாடிக்கு 343 மீட்டர் செல்கிறது. ஒரு மைக் மற்றதைவிட 17 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் ஓசை அதை அரை மில்லிவினாடி தாமதமாக அடையும். இரண்டையும் சம அளவில் கலக்கும்போது 1,000 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிட்டாரின் உயிர் இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் விழுந்து, நகலில் நிரந்தரமாகத் தங்கிவிடும். ப்ரீஆம்புக்கும் புரொபைலருக்கும் நடுவே தாமதம் சேர்க்கும் டிஜிட்டல் கருவிகளைப் புகுத்தாமல் இருப்பதும் நல்லது.

வெளி ப்ரீஆம்ப் வேண்டும் என்பதற்கு மூன்றாவதாகச் சொல்லப்படும் காரணம், ஓசைக்கு அது தரும் நிறம். ரூபர்ட் நீவ் 1970இல் வடிவமைத்த 1073 ப்ரீஆம்பின் உள்வாசலிலும் வெளிவாசலிலும் டிரான்ஸ்ஃபார்மர்கள் உண்டு. அவை தரும் அடர்த்திக்காகவே ஒலிப்பதிவாளர்கள் அதை விரும்புகிறார்கள். அந்த அடர்த்தி நகலிலும் வருமா? மிதமாக ஓட்டினால் வரும், ஏனெனில் அது பெரும்பாலும் கீழ், மேல் அலைவரிசைகளின் ஏற்றத்தாழ்வு. அதைப் புரொபைலர் எளிதில் பிடித்துவிடும். ஆனால் ப்ரீஆம்பையே திணறவைத்து, அதன் டிஸ்டார்ஷனையும் சேர்த்துப் பிடிக்க முயல்வது வீண் என்பது என் உறுதியான கருத்து. புரொபைலரின் கணிப்பில் டிஸ்டார்ஷன் ஆம்பில் நடக்கிறது, அதற்குப் பின் வரும் கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, வெறும் வடிகட்டி. ப்ரீஆம்பின் டிஸ்டார்ஷனோ கேபினெட்டுக்குப் பிறகு உண்டாகிறது, அதன் கூர்மையைச் சீவ அங்கே ஸ்பீக்கர் இல்லை. அதை எங்கே வைப்பதென்று தெரியாத கணக்கு, ஆம்பின் தலையில் கட்டிவிடும். நகல் கேட்பதற்கு ஏறத்தாழச் சரியாக இருக்கும், விரல் மெதுவாகத் தொடும்போதுதான் பொய் வெளிப்படும்.

நரம்பியல் வலைப்பின்னல்களுக்கு இந்தக் கட்டுப்பாடு குறைவு. வழியில் எந்த இடத்தில் அலை நசுங்கினாலும் அவை கற்றுக்கொள்ளும். ஆனால் அவற்றின் நினைவு ஒரு வினாடிக்கும் குறைந்த காலத்தையே எட்டுகிறது. மெதுவாக இறுக்கி மெதுவாகத் தளர்த்தும் கம்ப்ரஸரை ப்ரீஆம்புக்குப் பின் சேர்த்தால் அவையும் தடுமாறும். கம்ப்ரஸரும் எதிரொலியும் நகலெடுத்த பிறகு சேர்க்க வேண்டியவை.

ஆகவே, விலையுயர்ந்த ப்ரீஆம்ப் வாங்கும் முன் இருப்பதை வைத்து ஒன்று செய்து பாருங்கள். மைக்கை ஸ்பீக்கர் கூம்பின் நடுவிலிருந்து ஓர் அங்குலம் ஓரமாக நகர்த்துங்கள். ஓசையில் அது கொண்டுவரும் மாற்றம், இரண்டு நல்ல ப்ரீஆம்புகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைவிடப் பெரிது. அந்த இடத்தைக் கண்டுபிடித்த பிறகும் மனம் நிறையவில்லையென்றால், இரைச்சல் குறைந்த, 48 வோல்ட் தரும், எளிய ப்ரீஆம்ப் ஒன்றை வாங்குங்கள். சிவப்பு விளக்கு எரியாத அளவில் அதை ஓட்டுங்கள்.