‘டேய், 14-வதுக்கு என்ன போட்ட?’: கெமிஸ்ட்ரி பரீட்சை முடிந்ததும் போடும் கணக்கு ஏன் தப்பாகிறது?

மதியம் 1.15. பெல் அடித்தாச்சு. விடைத்தாள் மேற்பார்வையாளர் கைக்குப் போயாச்சு. வெளியே வந்தால், பள்ளி வாசல் மரத்தடியில் ஏற்கெனவே ஒரு கூட்டம்.

“டேய், 14-வதுக்கு என்ன போட்ட?”

“ஆ.”

“போச்சுடா. நான் ஈ போட்டேன்.”

பிளஸ் 2 கெமிஸ்ட்ரி எழுதிய யாருக்கும் இது புதுசு இல்லை. அடுத்த அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சார் கையால் எழுதிய ஆன்சர் கீ வரும். டியூஷன் சென்டரிலிருந்து இன்னொன்று வரும். ரெண்டும் எங்கேயாவது ஒரு இடத்தில் முட்டும். பஸ் வீட்டு ஸ்டாப்புக்கு வருவதற்குள் 70-க்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு முடித்திருப்பார்கள். அந்தக் கணக்கை நம்ப முடியாததற்குக் காரணம் இருக்கிறது.

முதல் சிக்கல் வினாத்தாளிலேயே ஆரம்பிக்கிறது. ஒரு மார்க் கேள்விகள் ‘ஏ’ வகை, ‘பி’ வகை என்று மாற்றி அச்சிடப்படுகின்றன. பக்கத்து வரிசைக்காரனின் 14-வது கேள்வி உங்களுடைய 14-வதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மேலே பேசிய ரெண்டு பேரும் சரியாகவே எழுதியிருக்கலாம். எண்ணையும் எழுத்தையும் வைத்துச் சண்டை போடுவதற்கு முன், யார் கையில் எந்த வகைத் தாள் என்று பார்க்க வேண்டும். பதற்றத்தில் அதை யார் பார்க்கிறார்கள்!

அடுத்து கணக்கு. ‘முதல் வகை வினை 99.9% முடிய எவ்வளவு நேரம்? அரை ஆயுள் காலம் 10 நிமிடம்’ என்று ஒரு கேள்வி வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒருத்தி 99.7 நிமிடம் என்பாள், இன்னொருத்தி 100 என்பாள். ரெண்டும் ஒரே விடைதான். 6.909-ஐ 0.693-ஆல் வகுத்தால் 9.97 வரும், அதைத்தான் பாடத்தில் ‘அரை ஆயுளைப் போல சுமார் 10 மடங்கு’ என்று படிக்கிறோம். இப்படி 0.3 நிமிட வித்தியாசத்துக்காக ராத்திரி சாப்பிடாமல் படுத்தவர்கள் உண்டு.

ஆனால் எல்லா வித்தியாசமும் இப்படி இல்லை. 10⁻⁷ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் என்ன? மரத்தடியில் இதற்கு மூணு விடை கிடைக்கும். சூத்திரத்தில் நேராகப் போட்டவர்களுக்கு 7. சுத்தமான தண்ணீரின் பிஎச்சும் 25 டிகிரி செல்சியஸில் அதே 7தான். ஆசிட் ஊற்றின பிறகும் தண்ணி தண்ணியாகவே இருக்குமா என்று யோசித்தவர்கள், தண்ணீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்க்க வேண்டும் என்று கண்டுபிடித்திருப்பார்கள். அதில் அவசரப்பட்டவர்கள் இன்னொரு 10⁻⁷-ஐ அப்படியே கூட்டி, 6.70 என்று முடித்திருப்பார்கள். அமிலம் சேர்ந்தவுடன் தண்ணீர் அயனியாவதும் கொஞ்சம் குறையும். அதையும் கணக்கில் எடுத்து இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தவர்களுக்கு 6.79 வரும். அதுதான் சரி. மரத்தடியில் மெஜாரிட்டி 7 பக்கம் நிற்பதால், 6.79 எழுதியவள்தான் முதலில் அழ ஆரம்பிப்பாள்.

7 எழுதியவருக்கு முழுப் பூஜ்யமா என்றால், அதுவும் உறுதி இல்லை. பெரிய கேள்விகளுக்குப் படிப்படியாகத்தான் மார்க். கடைசி எண் தப்பானாலும் சரியாக எழுதிய படிகளுக்கு மார்க் கிடைக்கும். ஒரு மார்க் கேள்வியில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே குறியீடு, விடை ரெண்டையும் எழுதச் சொல்கிறார்கள், ரெண்டும் சரியாக இருக்க வேண்டும். திருத்தும் மையத்தில் ஆசிரியர்கள் பார்ப்பது அரசுத் தேர்வுகள் இயக்ககம் தரும் விடைக்குறிப்பைத்தான். வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்புக்கு அங்கே வேலை இல்லை.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று வேலைக்குப் போய்விட்ட அண்ணன், அக்காக்களுக்குத் தோன்றலாம். இருக்கிறது. கெமிஸ்ட்ரிக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் குறைந்தது 15, மொத்தத்தில் 35 எடுத்தால் பாஸ். பெரும்பாலானவர்களின் கவலை பாஸ் பற்றியது இல்லை, இன்ஜினீயரிங் கட் ஆஃப் பற்றியது. 200-க்கான அந்தக் கட் ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கெமிஸ்ட்ரியில் ஒரு மார்க் போனால் கட் ஆஃபில் அரை மார்க் போகும். ஒரே கட் ஆஃபில் வரிசையாக ஆட்கள் நிற்கும் கவுன்சலிங்கில் அந்த அரைக்கே ரேங்க் சறுக்கும்.

மரத்தடியில் யாரும் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது. கணிதத்தில் ஒரு மார்க் போனால் கட் ஆஃபிலும் ஒரு மார்க் முழுசாகப் போகும். கணிதப் பரீட்சை இன்னும் பாக்கி இருக்கும்போது, ஏற்கெனவே கொடுத்துவிட்ட கெமிஸ்ட்ரித் தாளில் போன ஒரு மார்க்கைத் தேடி ஒரு சாயங்காலத்தைத் தொலைத்தால், இரண்டு மடங்கு மதிப்புள்ள மார்க்கைப் பணயம் வைக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாப் பரீட்சையும் முடிந்த அன்று தாராளமாக ஒப்பிடலாம், அதில் ஒரு ஜாலியும் இருக்கிறது.

விடையைத் தீர்மானிப்பவர்களுக்கே சில சமயம் குழப்பம் வரும். 2024 நீட் தேர்வில் அணுவைப் பற்றிய ஒரு இயற்பியல் கேள்விக்கு, பழைய என்சிஇஆர்டி புத்தகத்தைக் காரணம் காட்டி இரண்டு விடைகளையும் தேசியத் தேர்வு முகமை ஏற்றுக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஐஐடி டெல்லியின் மூன்று நிபுணர்கள் ஒரு விடைதான் சரி என்றார்கள். மற்ற விடையைத் தேர்ந்தெடுத்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, கிடைத்த 4 மார்க்கும் போய், மைனஸ் 1-ம் சேர்ந்து 5 மார்க் குறைந்தது. 720-க்கு 720 எடுத்தவர்கள் முதலில் 67 பேர், திருத்திய பட்டியலில் 17 பேர். நீட்டில் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு, மாணவர்களின் ஆட்சேபத்தைக் கேட்கிறார்கள்.

பிளஸ் 2-வில் ஒரு மாணவர் தன் விடைத்தாளைப் பார்க்கும் வழி, ரிசல்ட் வந்த பிறகுதான் திறக்கும். பாடவாரியாகக் கட்டணம் கட்டி விடைத்தாள் நகல் கேட்கலாம். நகல் வந்ததும் முதலில் கூட்டலைச் சரிபாருங்கள், பிறகு திருத்தாமல் விட்ட பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தடியில் ‘நான் 6.79 போட்டேன்’ என்று சத்தியம் செய்தவர், உள்ளே 6.97 என்று எழுதியிருப்பதையும் அங்கேதான் கண்டுபிடிப்பார். மறுகூட்டல் போதுமா, மறுமதிப்பீடு வேணுமா என்பதை அதன் பிறகு பாட ஆசிரியரிடம் காட்டி முடிவு பண்ணலாம். விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு, தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.