பூட்டு சரி, சாவி யார் கையில்?

திண்டுக்கல்காரிக்குப் பூட்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்க ஊரில் பூட்டு வாங்கினால் முதலில் சாவியைப் போட்டுத்தான் பார்ப்போம். 'இன்டர்நெட்டுக்கும் ஒரு பூட்டுப் போடணும்' என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: சாவி யார் கையில்?

2012-ல் நடந்த இரண்டு சங்கதிகளைக் கேளுங்கள், சகோதரிகளே. அக்டோபரில் பாடகி சின்மயி, டுவிட்டரில் தன்னை அசிங்கமாக எழுதியவர்கள் மேல் சென்னைப் போலீசில் புகார் கொடுத்தார். கைதும் நடந்தது. வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவும் இருந்தது. 'பரவாயில்லையே, பெண்களுக்கு ஒரு பாதுகாப்பு' என்று தோன்றுகிறதல்லவா? அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தில் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். பால் தாக்கரே மறைவுக்காக மும்பையில் கடையடைத்ததைப் பற்றி ஒருத்தி ஃபேஸ்புக்கில் எழுதினாள். மற்றவள் 'லைக்' போட்டாள். அதற்கும் அதே 66ஏ!

இன்னது குற்றம் என்று தெளிவாகச் சொல்லாத சட்டம் இப்படித்தான் இரண்டு பக்கமும் வெட்டும். ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24-ல் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது.

சட்டம் இருக்கட்டும், நம் வீட்டுக்குள்ளே என்ன நடக்கிறது? எங்க பக்கத்தில் ஒரு காலேஜ் பெண்ணின் முகத்தை வேறு உடம்போடு ஒட்டி எவனோ பரப்பிவிட்டான். வீட்டார் முதலில் அவள் போனைப் பிடுங்கினார்கள். பிறகு படிப்பையும் நிறுத்தினார்கள். செய்தவன் வெளியே, அவள் உள்ளே! இது என்ன நியாயம்?

'படம் ஆபாசமா?' என்று மட்டும் பார்த்தால் போதாது. 'அவள் சம்மதித்தாளா?' என்று கேட்கணும். சம்மதமில்லாமல் ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைப் படமெடுத்தாலும் பரப்பினாலும் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. நிர்வாணப் படம், முகத்தை மாற்றி ஒட்டிய படம் என்று பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால், 24 மணி நேரத்துக்குள் நீக்க நிறுவனங்கள் நடவடிக்கை எடுக்கணும் என்று 2021 விதிகள் வந்தன.

ஆகவே, அப்படி ஏதும் நேர்ந்தால் பதறி அழித்துவிடாதீர்கள். தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதன் லிங்க்கையும் குறித்து வையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பற்றிய புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உன் மேல தப்பில்லடி" என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல எந்தச் சட்டமும் வராது, நாம்தான் சொல்லணும்.