தாய்க்குப் பிறகு யார்?

மாற்றுத்திறனாளிகளின் நீண்டகாலப் பராமரிப்புக்கு அரசுப் பணம் இரண்டு வழிகளில் வந்து சேரலாம். ஒன்று, மாதாமாதம் வங்கிக் கணக்கில் ஏறும் தொகை. மற்றது சேவை: வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி உடை மாற்றிவிடும் உதவியாளர், பகல் முழுதும் பார்த்துக்கொள்ளும் மையம், பெற்றோர் காலத்துக்குப் பிறகு தங்கி வாழ ஒரு வீடு. தமிழ்நாடு முதல் வழியில் நெடுந்தூரம் வந்திருக்கிறது. இரண்டாவது வழிக்குச் சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடி போன்ற ஊர்கள் இன்னும் பெரும்பாலும் தொண்டு அமைப்புகளையே நம்பியிருக்கின்றன.

தொகையின் கணக்கு இது. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, கடும் உடல் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. வருவாய்த் துறை வழியே வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000-இலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. ஒன்றிய அரசின் ஓய்வூதியத் திட்டம் 80 விழுக்காட்டுக்கு மேல் பாதிப்புள்ள, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும். அதில் ஒன்றிய அரசின் பங்கு 300 ரூபாய். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மற்றவர்களுக்குத் தரும் உதவியைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. 2023-இல் முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனது. அதனோடு 25 விழுக்காட்டைக் கூட்டினால் சரியாக 1,500. சட்டம் கீழ் எல்லையாக வைத்ததே மேல் எல்லையாகவும் நின்றுவிட்டது. பக்கத்து ஆந்திரம் 2024 ஜூலை முதல் 6,000 ரூபாயும், முழுதும் படுக்கையில் இருப்பவர்களுக்கு 15,000 ரூபாயும் தருகிறது.

தொகை உயர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் வீட்டில் ஒரு ஆள் வைத்தால் 2,000 ரூபாய் ஒரு வாரக் கூலிக்கே போதாது. அதிக ஆதரவு தேவைப்படுவோரின் உதவியாளருக்கென ஆயிரம் ரூபாய் கூடுதலாகச் சேர்ந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. இத்தனை குடும்பங்கள் இந்தத் தொகையில் தாக்குப்பிடிப்பது, பெற்ற தாயின் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விட்டிருப்பதால்தான்.

அந்த உழைப்பு எத்தகையது என்று பார்க்க வேண்டும். மூளை முடக்குவாதத்தால் படுக்கையில் இருக்கும் ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வந்துவிடும். இரவிலும் இது நிற்காது. உணவை மசித்து, தலையை நிமிர்த்திப் பிடித்து, புரையேறாமல் ஊட்ட ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். வலிப்பு மாத்திரை நேரம் தவறக் கூடாது. பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்வரை தூக்கிச் செல்லலாம். முப்பத்தைந்து வயது மகனை அறுபது தாண்டிய தாய் கழிவறைக்குக் கொண்டுபோவது வேறு. தாய்க்கு முட்டி தேய்ந்து, சர்க்கரையும் சேர்ந்துகொள்ளும் வயதில்தான் மகனுக்குப் பராமரிப்பு அதிகம் தேவைப்படுகிறது. “எனக்கப்புறம் இவன யாரு பாக்குறது?” என்பது இந்த வீடுகள் அத்தனையிலும் கேட்கும் கேள்வி. மாதத் தொகை எவ்வளவு உயர்ந்தாலும் அதற்குப் பதிலாகாது.

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. பர்மா, மலேயா, இலங்கை என்று ஒரு காலத்தில் போனார்கள். இப்போது சிங்கப்பூர், வளைகுடா, சென்னை. சம்பாதிக்கும் வயதினர் வெளியே. வயதானவர்களும் நகர முடியாதவர்களும் ஊரில். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் ஒன்றை எடுத்து நாலைந்து பேர் உதவியாளரோடு சேர்ந்து வாழும் இல்லமாக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் உயர்ந்த திண்ணையும் படிகளும் வாசலுக்கு வாசல் நிலைப்படியும் சக்கர நாற்காலிக்கு ஒத்துவரா. அதைவிடப் பெரிய தடை பங்காளிகளின் உரிமை: பத்து இடங்களில் சிதறியிருக்கும் பங்குதாரர்கள் எல்லோரும் ஒப்பினால்தான் வீட்டை வாடகைக்குக்கூட விட முடியும்.

சமூகத்தில் சேவை இல்லாத இடத்தில் குடும்பம் களைத்துப்போனால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாவட்டமே சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். வேறு வழி தெரியாத உறவினர்கள் கொண்டுவந்து விட்டுச் சென்றவர்கள் அங்கே இருந்தார்கள்.

இப்போது நடக்கும் முயற்சிகளில் இரண்டு முக்கியமானவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இயன்முறைப் பயிற்சியாளரையும் வலி தணிப்புச் செவிலியரையும் வீட்டுக்கே அனுப்புகிறது. 2022-இல் உலக வங்கி ஒப்புதல் தந்த 16.2 கோடி டாலர் கடனோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டம், இயன்முறை, பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் தரும் ‘விழுதுகள்’ மையங்களை அமைக்கிறது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின் வரும் இரவுதான் இவற்றின் கணக்குக்கு வெளியே நிற்கிறது.

கேரளத்தில் ‘பட்ஸ்’ பள்ளிகளை 2004 முதல் உள்ளாட்சிகள் நடத்திவருகின்றன; அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்குப் பகல்நேர மையங்களும் உண்டு. தாய்க்குப் பகலில் சில மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது, கூலி வேலைக்கும் போகலாம். ஜெர்மனி 1995-இல் பராமரிப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. சம்பளத்தில் பிடிக்கும் பங்கிலிருந்து, தேவைப்படுவோர் பணமாகவோ சேவையாகவோ எடுத்துக்கொள்ளலாம். பார்த்துக்கொள்ளும் உறவினரின் ஓய்வூதியக் கணக்கிலும் காப்பீடே பணம் கட்டுகிறது. குடும்பக் கணக்கில் புள்ளி வரி போட்டுக் கோயிலையும் விடுதியையும் நடத்தும் செட்டிநாட்டு நகரத்தார் ஊர்களுக்கு, எல்லோரும் பங்கு செலுத்தும் இந்த முறை அந்நியமாக இராது. இத்தகைய ஏற்பாட்டைக் கருவூலம் தாங்காது, குடும்பப் பிணைப்பு தளரும் என்போரும் உண்டு.

அரசு தரும் தொகையிலேயே ஏற்றத்தாழ்வும் இருக்கிறது. ஓய்வூதியம் பெறும் அரசு ஆசிரியர் இறந்தால், சம்பாதிக்க இயலாத அவருடைய மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதி இருக்கிறது. அதே தெருவில் சுமை தூக்குபவரின் பிள்ளைக்கு அப்படி எதுவும் இல்லை.

பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியது காப்பாளர் நியமனம். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ள, 18 வயது கடந்தவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கிறது. காரைக்குடிக்காரர்கள் இதற்குச் சிவகங்கை வரை போக வேண்டும். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும்; ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். ஆளைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பே. அந்தப் பொறுப்புக்கென மாதத் தொகை எதையும் சட்டம் வைக்கவில்லை. சொத்துள்ள பிள்ளைக்கு அத்தை மகனோ சித்தப்பாவோ முன்வரலாம். சொத்தில்லாத பிள்ளைக்கு விண்ணப்பத்தில் எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியாமல், அந்த இடத்தைக் காலியாக விட்டுக் காத்திருக்கும் குடும்பங்களுக்குத்தான் அரசின் பணம் முதலில் சேவையாகப் போய்ச் சேர வேண்டும்.