உறைபெட்டி உணவும் வீட்டு அடுப்பும்

தில்லி, புனே, ஐதராபாத் முதலிய நகரங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் சென்று இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றனர். அந்நேரத்தில் அரிசி களைந்து உலையேற்ற உடலில் வலுவிருப்பதில்லை. பிள்ளைகளோ பசியோடு காத்திருக்கின்றனர். ஆகவே, குளிர்பெட்டியின் பிரீசர் அறையில் உறைந்து கிடக்கும் பரோட்டாப் பொட்டலம் கைகொடுக்கிறது. அண்மைக் காலத்தில், பெருநகரக் கடைகளில் அதனருகே மெக்ஸிகோ நாட்டுப் பாணியிலான புரிட்டோ என்னும் பண்டமும் வந்து அமர்ந்துள்ளது. இவற்றை வாங்குவோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவற்றின் வசதியை இழக்காமல், உப்பையும் கொழுப்பையும் மட்டும் குறைத்து வீட்டிலேயே செய்துகொள்ள இயலுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

முதற்கண் ஓர் ஐயத்தை அகற்றிவிடுவோம். உறைய வைத்தல் என்னும் முறையால் உணவுக்குக் கேடில்லை. பண்டத்தை விரைவாக உறையச் செய்து பொட்டலமாக விற்கும் வழக்கம் அமெரிக்காவில் கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்பாரின் முயற்சியால் 1930-இல் கடைகளுக்கு வந்தது. சுழிக்குக் கீழே 18 பாகை வெப்பநிலையில் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. உறைந்த பச்சைப் பட்டாணி நல்ல உணவே. கேடு விளைவது உறைபனியால் அன்று. அதனுள் மைதா, கொழுப்பு, பாலாடைக்கட்டி, உப்பு ஆகியவை அளவிறந்து சேர்வதால்தான்.

உப்பைப் பற்றி ஒரு கணக்கு நினைவிற் கொள்ளத் தக்கது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பொட்டலத்தின் மேல் உப்பு என்று எழுதாமல் சோடியம் என்று எழுதியிருப்பர். 400 மில்லிகிராம் சோடியம் ஏறத்தாழ 1 கிராம் உப்புக்குச் சமம். எனவே ஒரு வேளைப் பங்கில் 800 மில்லிகிராம் என்று காணப்படின், நாள் முழுமைக்கும் உரிய அளவில் ஐந்தில் இரண்டு பங்கு அவ்வொரு வேளையிலேயே தீர்ந்துவிடுகிறது. மெக்ஸிகோ அரசே 2020-ஆம் ஆண்டு முதல், உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த பொட்டலங்களின் முகப்பில் கரிய எண்கோண முத்திரையிட்டு எச்சரிக்குமாறு விதித்துள்ளது. நம் நாட்டில் அத்தகைய முத்திரை இல்லாமையால், பின்புறத்துச் சிற்றெழுத்துகளை நாமே படித்தாக வேண்டும். அங்குச் சேர்பொருள்கள் எடை மிகுதியின் வரிசையில் எழுதப்பட்டிருக்கும். முதலில் நிற்பதே மிகுதியாக உள்ளது.

பரோட்டாவின் பெயரைப் பற்றிய ஒரு வழக்கு இங்கு நினைவுக்கு வருகிறது. பொட்டலப் பரோட்டா ரொட்டியின் இனத்தைச் சேர்ந்ததன்று, ஆதலால் 18 விழுக்காடு வரி உண்டு என்று கருநாடகத்தில் 2020-இல் முடிவுரைக்கப்பட்டது. 5 விழுக்காடே உரியது என்று கேரள உயர்நீதிமன்றம் 2024-இல் கூறியது. 2025 செப்டம்பர் 22 முதல் அவ்வரி முற்றும் நீக்கப்பட்டது. அரசாணைகளை மொழிபெயர்ப்போர்க்கு இது சுவையான செய்தி. உண்போர்க்கோ, வரி நீங்கியதனால் மைதா கோதுமையாகிவிடவில்லை. அதுபோலவே, எண்ணெயைத் தாராளமாக ஊற்றி வீட்டில் வீசிய பரோட்டாவும், வீட்டில் செய்தது என்னும் ஒரே காரணத்தால் நலந்தரும் உணவாகிவிடாது.

இனிப் புரிட்டோவுக்கு வருவோம். மெல்லிய தட்டை ரொட்டியில், வேகவைத்து மசித்த பயற்றையும் மிளகாய்ச் சாற்றையும் வைத்துச் சுருட்டினால் அதுவே புரிட்டோ. கடைச்சரக்கில் பாலாடைக்கட்டியும் இறைச்சியும் மேலேறி, பயறு ஒடுங்கிவிடும். ஆயினும் அதன் உயிர் பயற்றிலேயே உள்ளது. மாவுணவும் பயறும் காரமும் என்னும் இம்மூன்றன் சேர்க்கை நமக்குப் புதியதன்று. கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலையை அடுத்துள்ள காரோடு போன்ற எல்லையூர்களைப் பாருங்கள். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நடுவே விழுந்ததேயன்றி அடுப்புகள் பிரியவில்லை. இருபுறத்தும் காலையில் புட்டும் பயறும் பப்படமும் உண்பர். மாலையில் மரச்சீனிக் கிழங்கும், காந்தாரி மிளகாயையும் சின்ன உள்ளியையும் உப்போடு இடித்துத் தேங்காயெண்ணெய் விட்ட துவையலும் உண்பர். மெக்ஸிகோவில் கல்லுரலில் மிளகாயும் தக்காளியும் வெங்காயமும் அரைப்பதற்கும் இதற்கும் எத்துணை நெருக்கம்!

இந்நெருக்கத்துக்குக் காரணமும் உண்டு. மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், மரச்சீனி ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனிப் பயிரை ஊக்கி வளர்த்தார். 1942-இல் பர்மா அரிசி நின்றுபோனபோது, பசியைத் தாங்கிநின்றது அக்கிழங்கே. வடமாநிலங்களில் பெயர் பெற்ற ராஜ்மாப் பயறும் அதே கண்டத்தின் விளைபொருள்தான். ஆகவே, தில்லியில் வாழும் தமிழர் ஒருவர் இவற்றைத் தேடி எங்கும் அலைய வேண்டுவதில்லை. தெருமுனைக் கடையே போதும்.

செய்முறை வருமாறு. ஞாயிற்றுக்கிழமை சமைப்பதாயின், கால் கிலோ ராஜ்மாவைச் சனிக்கிழமை இரவே ஊறவைத்து, மறுநாள் அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் குக்கரில் குழைய வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் புரட்டி வாந்தி உண்டாக்கும். மிதமான சூட்டில் நெடுநேரம் வைத்திருப்பது மட்டும் போதாது, நன்கு கொதித்தே ஆகவேண்டும். ராஜ்மாவை விரும்பாதோர் சிவப்புக் காராமணியைக் கொள்ளலாம். காரோட்டில் இதனை வன்பயறு என்பர். இரண்டு கரண்டி எண்ணெயில் சீரகம், பூண்டு, வெங்காயம், தக்காளி ஆகியவற்றை வதக்கி, வெந்த பயற்றைச் சேர்த்துக் கரண்டியால் மசித்து, நீர் சுண்டும்வரை கிளற வேண்டும். எட்டுச் சுருள்களுக்கு, மாவுக்கும் பயற்றுக்குமாகத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு போதும். சுவை குறைவதாகத் தோன்றின், உப்பைக் கூட்டாமல் எலுமிச்சைச் சாறும் கொத்துமல்லியும் கூட்டுக.

ரொட்டிக்கு மூன்று பங்கு கோதுமை மாவோடு ஒரு பங்கு மக்காச்சோள மாவு கலந்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, அரைமணி நேரம் மூடிவைக்கவும். மக்காச்சோளம் மட்டும் கொண்டு செய்தால் சுருட்டும்போது விண்டுபோகும். மெக்ஸிகோ மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைப்பதால் அம்மாவு ஒட்டிக்கொள்கிறது. அதிலுள்ள நியாசின் என்னும் வைட்டமினும் உடலுக்கு எட்டுகிறது. நம் கடை மாவு அவ்வாறு பக்குவப்பட்டதன்று. ஆதலின் கோதுமையின் துணை வேண்டும்.

ரொட்டியும் பயறும் ஆறிய பின்னரே சுருட்டுக. பயற்றை அகன்ற தட்டில் பரப்பினால் விரைவில் ஆறும். இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே கிடத்தல் ஆகாது. வெள்ளரி, பச்சைத் தக்காளித் துண்டு, தயிர் ஆகியவற்றை உள்ளே வைத்து உறையவிட்டால் நீர்விட்டுக் குழைந்துபோகும். அவை உண்ணும் வேளைக்கு உரியவை. பாலாடைக்கட்டிக்கு மாற்றாக, துணியில் கட்டி நீர் வடித்த தயிர் ஏற்றது. ஒவ்வொரு சுருளையும் தனித்தனியே இறுகப் பொதிந்து, நாளைக் குறித்து, பிரீசரில் அடுக்கினால் ஒரு மாதம் வரை சுவை கெடாது. மூன்று நாளைக்குள் உண்பதாயின் கீழறையே போதும். மின்சாரம் நெடுநேரம் நின்று சுருள் இளகி வெதுவெதுப்பாகிவிட்டால், மீண்டும் உறைய வைக்காமல் எறிந்துவிடுவதே அறிவுடைமை.

காலையில் அலுவலகம் புறப்படுமுன் சுருளைக் கீழறைக்கு மாற்றிவிட்டால் மாலைக்குள் இளகியிருக்கும். பின்னர்த் தோசைக்கல்லில் மூடியிட்டு, மெல்லிய தீயில், நடுப்பகுதியிலும் ஆவி பறக்கும்வரை சூடாக்குக. துணைக்குக் காந்தாரித் துவையல் அப்போதே இடித்தால்தான் மணக்கும். காந்தாரி கிட்டாத ஊரில் பச்சை மிளகாய் போதும், உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டா. மரச்சீனி கிடைக்கும் ஊரினர் அதனைத் தோலுரித்து, திறந்த பாத்திரத்தில் நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டு உண்க. அதன் நச்சுத்தன்மை பெரும்பாலும் அந்நீரோடு போய்விடும். கிடைக்காத வடநகரங்களில், குளிர்காலத்தில் தெருவோரம் சுட்டு விற்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவ்விடத்தை நிரப்பும்.