டிவி குறைவாகப் பேசும் வீடு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரான யோங் பெங்கில் ஒரு பிள்ளையின் காதில் தமிழ் விழுகிற இடங்கள் மூன்றுதான்: வீடு, கோவில், தமிழ்ப்பள்ளி. கடைத்தெருவுக்குப் போனால் சீனம். அதிலும் இது ஃபூச்சோவ் சீனர்களின் ஊர். மீன் உருண்டை விற்கிறவரும் ரொட்டி சுடுகிறவரும் தங்களுக்குள் அந்தப் பேச்சுதான் பேசுவார்கள். கிளினிக்கிலும் அஞ்சலகத்திலும் மலாய். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் ஓடுகிற பேருந்துகள் சாப்பாட்டுக்கு நிற்கும் ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்கள் எங்களை அறிவார்கள். எங்களைப் போன்ற குடும்பங்கள் சுற்றுவட்டாரத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவை. தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் தமிழ் கேட்கும். டவுனில் அப்படி இல்லை. கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பதுதான் பிள்ளைக்குக் கிடைக்கும் தமிழ்.

அதனால் வீட்டுக்குள் யார் பேசுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம். எங்கள் வீட்டில் ரொம்ப நாள் டிவிதான் அதிகம் பேசிக்கொண்டிருந்தது. நான் கூடத்தின் ஓரத்தில் தையல் மெஷின் போட்டு ரவிக்கையும் பஞ்சாபி சூட்டும் தைக்கிறவள். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். மகள் ஆறாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு, இருவரும் தமிழ்ப்பள்ளி. மாமியார் எங்களோடு இருக்கிறார். இளம் வயதிலேயே பால்மரம் வெட்டப் போனவர். யாரும் பார்க்காத நேரத்திலும் டிவி ஓடும். மெஷின் சத்தத்துக்கு மேலே அது கேட்க வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டுவோம். அதற்கு மேலே நாங்கள் பேசவேண்டும் என்றால் கத்த வேண்டும். கத்துவதற்குப் பதில் பேசாமலே இருந்துவிடுவோம்.

மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28ஆம் தேதி. மாமியாருக்கு நினைவிருப்பது அதற்குப் பிந்திய காலம். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் வீட்டு வாசலில் பாய் விரித்து, வாரத்தில் என்றைக்கோ போடும் ஒரு தமிழ்ப் படத்தை மொத்த லயமும் சேர்ந்து பார்க்குமாம். படம் முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேச்சு, மறுநாள் நிரையில் பால் வெட்டும்போதும் அதே பேச்சு. 1996இல் ஆஸ்ட்ரோ என்ற கட்டணத் தொலைக்காட்சி வந்த பிறகு தமிழ் நாள் முழுக்கக் கொட்டத் தொடங்கியது. தமிழுக்காக ஏங்கிய வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு படத்துக்குப் பிறகு நடந்த பேச்சு, நாள் முழுக்க ஓடிய நாடகங்களுக்குப் பிறகு நடக்கவில்லை. அடுத்த நாடகம் தொடங்கிவிடுகிறதே!

அமெரிக்காவில் டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள 329 குழந்தைகளின் உடையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைப் பொருத்தி, நாளெல்லாம் அவர்கள் காதில் என்ன விழுகிறது என்று பதிவு செய்தார்கள். டிவி சத்தம் கேட்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்கள் பேசிக் குழந்தை கேட்கும் சொற்கள் ஏறக்குறைய 770 குறைந்தன. டிவியில் கெட்டது ஓடியதா நல்லது ஓடியதா என்பது இதில் பேச்சே இல்லை. அது ஓடினால் அம்மாவும் அப்பாவும் வாயை மூடிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் கூடத்தில் நடந்ததும் அதுவேதான்.

இன்னொரு ஆய்வு இதைவிடப் பழையது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். பள்ளத்தாக்குக்குள் இருந்ததால் 1973 வரை அங்கே டிவி எடுக்கவே இல்லை. டிவி வரப்போகிறது என்று தெரிந்ததும் டானிஸ் மக்பெத் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் தம் குழுவோடு போய், வருவதற்கு முன்னும் வந்து இரண்டு ஆண்டுக்குப் பின்னும் ஊரை அளந்தார். ஏற்கெனவே டிவி இருந்த இரண்டு ஊர்களை ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டார். டிவி வருமுன் இந்த ஊர்ப் பிள்ளைகள் சரளமாக வாசிப்பதிலும் ஒரு பொருளை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று யோசித்துச் சொல்வதிலும் மற்ற ஊர்ப் பிள்ளைகளை மிஞ்சி நின்றார்கள். இரண்டு ஆண்டில் அந்த வித்தியாசம் போய்விட்டது. விளையாட்டுத் திடலில் அடிதடி கூடியது, ஊர்க் கூட்டங்களுக்கு வரும் பெரியவர்கள் குறைந்தார்கள். 1986இல் இது புத்தகமாக வந்தது. அந்த ஊர்க்காரர்கள் யாரும் சோம்பேறிகள் அல்லர். சாயங்கால நேரத்தை எடுத்துக்கொள்ள ஒன்று வந்தது, அது எடுத்துக்கொண்டது.

எங்கள் வீட்டில் மாற்றம் செய்தோம், ஆனால் டிவியைத் தூக்கிப் போடவில்லை. யாராவது உட்கார்ந்து பார்த்தால் மட்டும் ஓடும். எழுந்தால் அணைக்க வேண்டும். பள்ளி நாள்களில் மாலை ஐந்து மணியிலிருந்து பிள்ளைகள் தூங்கும் வரை கிடையாது. இதில் சிக்கல் பிள்ளைகளிடம் இல்லை, மாமியாரிடம்தான். அவருடைய நாடகங்கள் எல்லாம் அந்த நேரத்தில்தான்.

“அத்தை, சாயங்கால நாடகத்தைக் காலையில பாக்கறீங்களா? மறு ஒளிபரப்பு போடுறாங்க.”

“காலையில பாத்தா யார்கிட்டம்மா கதை பேசறது? பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருக்கும்.”

“என்கிட்ட சொல்லுங்க. தைச்சுக்கிட்டே கேக்கறேன்.”

அவருக்கு வேண்டியிருந்தது நாடகத்தைவிட, அதைப் பேச ஓர் ஆள். இதைப் புரிந்துகொள்ளாமல் ரிமோட்டைப் பிடுங்குகிற வீடுகளில் சண்டைதான் மிச்சமாகும். இப்போது காலையில் அவர் பார்ப்பார், நான் காது கொடுப்பேன். எந்த மருமகள் யாரை ஏமாற்றினாள் என்பதில் தொடங்கி, அந்தக் காலத்தில் தோட்டத்தில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதில் போய் முடியும். பிறகு அதுவே சாயங்காலம் பேரப்பிள்ளைகளுக்கும் வந்து சேரும்.

வீட்டில் கற்பது என்றதும் பலர் பள்ளிக்கூடத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதாக நினைக்கிறார்கள். கரும்பலகை, பயிற்சிப் புத்தகம், ஐந்தரைக்குக் கணிதம், ஆறரைக்கு மலாய். பகலெல்லாம் பள்ளியில் உட்கார்ந்துவிட்டு வருகிற பிள்ளைக்கு மறுபடியும் அதையே கொடுத்தால் எது ஏறும்? நடப்பதை ஒன்று சொல்கிறேன். மகளுக்குப் பின்னம் வரவில்லை. எட்டில் மூன்று பெரியதா, இரண்டில் ஒன்று பெரியதா என்று கேட்டால் எட்டு பெரிய எண் என்று அதைக் காட்டுவாள். தையல் டேப்பில் ஓர் அங்குலம் எட்டுக் கோடாகப் பிரிந்திருக்கும். அவளை மேசையில் உட்கார வைத்து, ஒரு வாடிக்கையாளரின் அளவைக் கொடுத்தேன். மார்புச் சுற்று 36 அங்குலம். நான்கில் ஒரு பங்கு 9. தளர்வும் தையல் விடுவதும் சேர்த்து ஒன்றரை. பத்தரையில் சாக் கட்டியால் கோடு போடச் சொன்னேன். கழுத்துக்கு வந்தபோது, “இங்க எட்டில் மூணு உள்ள தள்ளி வை” என்றேன். விரலால் கோடுகளை எண்ணினாள், மூன்றாவது கோட்டில் நின்றாள், நான்காவது கோட்டைப் பார்த்தாள். “அம்மா, அரை இங்கதானே இருக்கு. அப்போ அரைதான் பெருசு!” அன்றைக்கு அவள் வெட்டியது பழைய லைனிங் துணி. இப்போது பாவாடைக்கு இடுப்புப் பட்டை அவளே வெட்டுகிறாள்.

மகனுக்குக் கணக்கு அப்பாவின் சட்டைப்பையில் இருந்து வருகிறது. மில்லில் எடைப்பாலத்தில் லோரியைக் குலையோடு ஒரு தடவை நிறுப்பார்கள், இறக்கிய பிறகு காலியாக ஒரு தடவை. அந்தச் சீட்டு வீட்டுக்கு வரும். 18,460 கிலோவில் 7,920ஐக் கழித்தால் என்ன என்று சட்டை கழற்றுவதற்குள் கேட்பார். 10,540 என்று அவன் சொன்னால், அதை டன்னாக்கு, அன்றைய விலையால் பெருக்கு என்று போகும். பதில் தப்பினால் அவர் திருத்துவதில்லை, சீட்டையே கொடுத்துவிடுவார்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது மொத்த நாடும் வீட்டில் கற்க வேண்டியதாயிற்று. பிறகு அதற்கு இல்லிருப்புக் கற்றல் என்று பெயர் வைத்து முறைப்படுத்தினார்கள். 2021 பிப்ரவரி 17ஆம் தேதி டிடிக் டிவி என்று கல்விக்கென்றே ஓர் அலைவரிசை தொடங்கியது. நம் நாட்டில் கல்வித் தொலைக்காட்சி 1972லேயே உண்டு என்றாலும், இது நாள் முழுக்கக் கல்விக்கென்றே ஓடியது. இணையம் எட்டாத கம்பத்து வீடுகளுக்கு அது உதவியது. எங்கள் வீட்டில் அப்போது கைப்பேசி ஒன்றுதான், அதில் அப்பாவுக்கு வேலை அழைப்பும் வரும், மகளுக்கு வகுப்பும் வரும். அந்த நாள்களில் திரையில் ஆசிரியர் பேசியதை மாமியாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டது அவர்தான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் மகளுக்குப் பாடம் பிடிபட்டது. திரையையே தீட்டு என்று ஒதுக்க எனக்கு மனமில்லாததற்கு இதுவும் காரணம். பக்கத்தில் ஆள் இருந்தால் திரையும் பாடமாகும்.

சில பெற்றோர் என்னிடம், பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று கேட்பதுண்டு. மலேசியக் குடிமக்களுக்கு ஆரம்பக் கல்வி 2003 ஜனவரி 1ஆம் தேதி முதல் கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வீட்டிலேயே முழுக்கக் கற்பிக்க வேண்டுமானால் கல்வி அமைச்சரிடம் விலக்குக் கேட்டுப் பெற வேண்டும். எனக்கு அந்த விருப்பமும் இல்லை. இந்த ஊரில் தமிழ் கேட்கும் மூன்று இடங்களில் ஒன்று தமிழ்ப்பள்ளி. அதிலிருந்து பிள்ளையை எடுப்பது நம் கையால் நாமே ஒரு கதவைச் சாத்துவது. ஆரம்பப்பள்ளி முடிவில் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு, பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் பல பெற்றோர் தவித்து, டியூசனுக்கு மேல் டியூசன் சேர்க்கிறார்கள். தெரிந்துகொள்ள எளிய வழி, பிள்ளை படித்ததைத் தன் வாயால் நமக்குச் சொல்ல வைப்பது. அதற்குத்தான் அந்த அமைதியான மாலை வேண்டும்.

தமிழ்நாட்டிலும் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். தொற்றுக் காலத்தில் பாடம் விட்டுப்போன பிள்ளைகளுக்கு, அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்களே மாலை ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். நான் கவனித்தது அவர்கள் தேர்ந்தெடுத்த நேரத்தை. நாங்கள் டிவியை அணைத்து வைத்திருக்கும் அதே நேரம்.

2023 மார்ச்சில் ஜொகூரில் வெள்ளம் வந்து எங்கள் பத்து பகாட் மாவட்டத்தில் வாரக்கணக்கில் தண்ணீர் வடியாமல் நின்றது. எங்கள் வீடு மேட்டில். உறவுக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து தங்கினார்கள். அத்தனை பேருக்கும் உலை வைக்கும்போது மாமியார், “எத்தனை கட்டி அரிசி போடறது?” என்றார். பிள்ளைகளுக்குக் கட்டி என்றால் என்னவென்றே தெரியாது. பதினாறு தாயில் ஒரு கட்டி, நூறு கட்டி ஒரு பிக்குல் என்று விரல் மடக்கிச் சொன்னார். கட்டி ஒன்று ஏறக்குறைய 600 கிராம் என்று வைத்து மகன் கணக்குப் போட்டு, பத்துக் கட்டி ஆறு கிலோ என்றான். “பால் காசும் இப்படித்தான்டா போட்டாங்க, தராசு பொய் சொன்னா நமக்குத்தான் நஷ்டம்” என்று பாட்டி தொடர, அரிசி கொதித்து வடியும்வரை தோட்டத்துக் கதைதான். ஆறு வகுப்பு மட்டும் படித்தவர் அன்றைக்கு வாத்தியார்.

இப்போது எனக்குக் கவலை டிவியைவிடக் கைப்பேசிதான். கூடத்து டிவி எல்லார் கண்ணிலும் படும், அணைக்கலாம். கைப்பேசி அவரவர் கையில், அவரவர் மூலையில். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி, இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எங்கள் பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டியவர்கள். ஆனால் தைக்கக் கொடுக்க வரும் தாய்மார்களின் இடுப்பில் இருக்கும் குழந்தைகள் அந்த வயதில்தான். அளவெடுக்கும் நேரம் குழந்தை அழாமல் இருக்கட்டும் என்று கைப்பேசியைக் கொடுப்பார்கள். நான் ஒரு தகர டப்பாவில் காலி நூல்கண்டுகளும் பெரிய பித்தான்களும் போட்டு வைத்திருக்கிறேன். என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கிக் காட்டுவான், சின்னது தட்டிவிடும். பித்தானை வாயில் போடாமல் பார்த்துக்கொள்வதும் அவன் வேலை.

விடுமுறை நாளில் நாங்களும் படம் பார்ப்போம். ஜொகூரில் 2014லிருந்து 2024 வரை வெள்ளியும் சனியும் விடுமுறை; இப்போது பெரும்பாலான மாநிலங்களைப் போலச் சனி, ஞாயிறு. சனிக்கிழமை இரவு பாய் விரித்து எல்லாரும் சேர்ந்து ஒரு படம். முடிந்ததும் மாமியார்தான் முதலில் கதாநாயகனைத் திட்டத் தொடங்குவார். மகள் அவனுக்காக வாதாடுவாள். அடுத்த ஆண்டு அவள் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள், அங்கே பாடம் பெரும்பாலும் மலாயில். அதனால் இப்போது மலாய்ப் படமும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போடுகிறோம். மாமியாருக்குப் புரியாத இடத்தில் மகள் தமிழில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.