எந்தத் தேதிப்படி அடுக்குவது?

கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்துக் கூட்டம் ஒன்றைப் பார்க்கிறீர்கள். நாள், 2025 ஜனவரி 18. கையேட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டதைக் கணினியில் ஏற்றுவதற்குள் பிப்ரவரி பிறந்துவிடுகிறது. ஜூலையில் பழைய குறிப்புகளைப் புரட்டும்போது அதில் ஓர் எழுத்துப்பிழை கண்ணில் படுகிறது, திருத்திச் சேமிக்கிறீர்கள். உடனே அந்தக் குறிப்பு பட்டியலின் உச்சிக்கு ஏறிவிடுகிறது. ஜூலையில் அந்த வாத்துகள் நடு ஆசிய ஏரிக்கரைகளில் இருக்கும். உங்கள் பட்டியலிலோ அவை ஜூலை மாதப் பறவைகள்.

ஒரே குறிப்புக்கு இப்படி மூன்று தேதிகள்: பார்த்த நாள், பதிந்த நாள், திருத்திய நாள். பின்னிரண்டையும் மென்பொருள் தானாகவே எழுதிக்கொள்ளும். முதலாவதை நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும். பறவை நோக்குபவருக்கு வேண்டியதோ அந்த முதல் தேதிதான்.

டிட்லிவிக்கி என்ற தனிநபர் விக்கியில் இதை எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்போம். ஜெரமி ரஸ்டன் என்ற பிரிட்டிஷ் நிரலாளர் 2004-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. மொத்தமும் ஒரே எச்டிஎம்எல் கோப்பு. குறிப்புகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன, அவற்றைக் காட்டும் நிரலும் அதற்குள்ளேயே. பென்டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம். இணையம் எட்டாத ஊரிலும் பிரவுசரில் திறக்கும். விக்கிப்பீடியாவைப் போல ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புப் போடலாம். எழுதுபவரும் படிப்பவரும் ஒருவரே என்பதுதான் வேறுபாடு.

அந்த வேறுபாட்டை மென்பொருள் முழுதாக உள்வாங்கவில்லை என்பது என் எண்ணம். டிட்லிவிக்கியின் பக்கப்பட்டையில் 'ரீசன்ட்' என்று ஒரு தாவல் உண்டு. குறிப்புகளைக் கடைசியாகத் திருத்திய நாளின்படி அது அடுக்கிக் காட்டும். இந்த வழக்கத்தின் வேர் உலகின் முதல் விக்கியில் இருக்கிறது. அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்ஹாம் 1995 மார்ச் 25 அன்று அதைத் தொடங்கினார். யாரும் எந்தப் பக்கத்தையும் திருத்தலாம் என்று திறந்துவிட்ட இடத்தில், நேற்று எது மாறியது என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தெரியவேண்டிய செய்தி. அதற்கென்றே அங்கே தனிப் பக்கம் இருந்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் இன்றும் 'அண்மைய மாற்றங்கள்' இருப்பது அதே காரணத்தால்தான். பலர் கூடி எழுதும் இடத்துக்கு அது உயிர்நாடி. ஒருவர் மட்டும் எழுதும் ஏட்டில் திருத்திய நாளுக்கு அவ்வளவு மதிப்பு இல்லை. பிழை திருத்தினோம் என்பதற்காகவா ஒரு குறிப்பு முன்னே வரவேண்டும்?

மாற்றுவது கடினமல்ல. டிட்லிவிக்கியின் ஒவ்வொரு குறிப்பிலும் தலைப்பு, உள்ளடக்கம், குறிச்சொற்கள் எனப் பல புலங்கள் உண்டு. நாமும் புதிதாகச் சேர்க்கலாம். 2021-இல் வந்த 5.2.0 பதிப்பிலிருந்து புலத்தின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். 'பார்த்தநாள்' என்று ஒரு புலம் போதும். அதற்குள் தேதியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

நாம் பழகிய முறைப்படி 18-01-2019 என்றும் 05-12-2025 என்றும் எழுதினால், கணினி அவற்றை எழுத்துகளாகவே பார்த்து இடமிருந்து வலமாக ஒப்பிடும். பூஜ்யம் ஒன்றுக்கு முன்னால் வருவதால் 2025 டிசம்பர் முதலில் நிற்கும், 2019 ஜனவரி அதற்குப் பின்னால் போகும். மாதப் பெயர்களை எழுதினாலோ அக்டோபரும் ஆகஸ்டும் ஏப்ரலுக்கு முன்னால் வந்துவிடும். ஆண்டு, மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு எழுதினால் எழுத்து வரிசையே கால வரிசை ஆகிவிடுகிறது. 1988-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 8601 தரநிலை இந்த முறையைத்தான் வகுத்தது. டிட்லிவிக்கி கோடு, புள்ளி எதுவுமின்றி இலக்கங்களை மட்டும் கேட்கிறது: 20250118. தானாக எழுதும் தேதிகளில் அது மில்லிவினாடி வரை சேர்த்துப் பதினேழு இலக்கங்கள் போடும். நமக்கு எட்டு போதும். ஆண்டு மட்டும் தெரிந்தால் 2019 என்று நான்கே இலக்கங்களோடு நிறுத்தலாம். அந்தக் குறிப்பு 2019-இன் தலைமாட்டில் போய் உட்காரும். தெரியாத நாளைக் கற்பனை செய்து நிரப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

வரலாற்றுக் குறிப்பு எழுதுபவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ராஜராஜன் அரியணை ஏறிய 985-ஐ அப்படியே எழுதினால், ஒன்பது ஒன்றுக்குப் பின் வரும் எழுத்து என்பதால், 1014 என்று குறித்த மகன் ராஜேந்திரனுக்குப் பின்னால் தந்தை போய்விடுவார். முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து 0985 என்று எழுதினால் தந்தை முன்னே வந்துவிடுவார். குரோதி, விசுவாவசு போன்ற ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கொரு முறை திரும்பி வருபவை. அவற்றைக் குறிப்பின் உள்ளே வைத்துக்கொள்ளலாம், அடுக்குவதற்கு உதவாது.

இனி மேக்ரோ. அடிக்கடி செய்யும் வேலையின் கட்டளைகளை ஒரு பெயருக்குள் முடிந்துவைப்பதுதான் மேக்ரோ. 'ரீசன்ட்' தாவலுக்குள் இருப்பது 'டைம்லைன்' என்ற ஒரே ஒரு மேக்ரோ அழைப்பு. எத்தனை குறிப்புகள், தேதியை எந்த வடிவில் காட்டுவது, எந்த வகைக் குறிப்புகள் மட்டும், எந்தத் தேதிப் புலம் என்ற நான்கு விவரங்களை அது ஏற்கும். ஒன்றும் சொல்லாவிட்டால் நூறு குறிப்புகளைத் திருத்திய நாளின்படி காட்டும். புதிதாக ஒரு குறிப்பைத் திறந்து, அதே அழைப்பை எழுதி, வகைக்குப் 'பறவை' என்ற குறிச்சொல்லையும் புலத்துக்குப் 'பார்த்தநாள்' என்பதையும் கொடுத்தால் உங்கள் பறவை நாட்குறிப்பு விரிந்துவிடும். மேக்ரோவின் உள்ளமைப்பே ஒரு குறிப்பாகத்தான் இருக்கிறது. திறந்து படிக்கலாம், மாற்றலாம். ஒரு கருவி தன் இயந்திரத்தை இப்படிப் பயனரிடம் திறந்துகாட்டுவது அபூர்வம், கொண்டாட வேண்டிய பண்பு. ஆனாலும் மூலத்தில் கைவைக்காமல், நகலெடுத்து வேறு பெயர் வைத்து மாற்றுங்கள். மூலத்தையே மாற்றினால், புதிய பதிப்பு வரும்போது அதன் மேம்பாடுகளை உங்கள் பழைய மாற்றம் மறைத்துவிடும்.

நகலில் நீங்கள் சந்திக்கும் முக்கியமான சொல் 'சார்ட்'. அதற்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி இருந்தால் புதியது மேலே. எடுத்துவிட்டால் பழையது மேலே. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் 'லிமிட்' இதற்குப் பின்னால் இருக்க வேண்டும். இடம் மாறினால், கைக்கு வந்த பத்துப் பேரை முதலில் உள்ளே விட்டுவிட்டு அவர்களை மட்டும் உயரவாரியாக நிறுத்துவதுபோல் ஆகிவிடும். ஊரிலேயே உயரமானவர் வெளியே நின்றிருப்பார்.

'பார்த்தநாள்' இல்லாத குறிப்புகள் இந்தப் பட்டியலில் வரவே வராது. சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். ஆகவே பறவை என்ற குறிச்சொல் இருந்தும் தேதி இல்லாதவற்றை மட்டும் காட்டும் இரண்டாவது பட்டியலை அதே பக்கத்தின் அடியில் வைப்பது அவசியம்.

விடியற்காலைக் குறிப்புகளிலும் ஒரு சிக்கல் உண்டு. டிட்லிவிக்கி நேரத்தை உலகப் பொதுநேரத்தில் சேமிக்கிறது; நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. ஜனவரி 18 காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரு குறிப்பு தொடங்கினால், உள்ளே பதிவாவது ஜனவரி 17 இரவு 11:30. திரையில் காட்டும்போது நம் நேரத்துக்கு மாற்றிவிடும் என்பதால் வெளியே தெரியாது. ஆனால் உங்கள் மேக்ரோ அந்தப் பதினேழு இலக்கங்களின் முதல் எட்டை வெட்டியெடுத்து நாள்வாரியாகப் பிரித்தால், அதிகாலைப் பறவைகள் எல்லாம் முந்தைய நாளுக்குப் போய்விடும். கையால் எட்டு இலக்கம் எழுதிய புலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதையே நியூயார்க்கில் இருக்கும் நண்பர் திறந்தால் அவருக்கு 17 மாலை என்று தெரியும், அவ்வளவே.

இத்தனையும் சரியானபின் கிடைக்கும் பயன் பெரியது. வரித்தலை வாத்துக் குறிப்புகளை மட்டும் எடுத்து, பழையது மேலே வரும்படி அடுக்கி, ஒன்றே ஒன்று போதும் என்றால் முதல் வரவு கிடைக்கும். ஆண்டுதோறும் அந்த நாள் முன்னே நகர்கிறதா பின்னே நகர்கிறதா என்பது வலசை ஆய்வாளர்கள் உலகெங்கும் உற்றுநோக்கும் கேள்வி. நம் தனி ஏட்டிலிருந்தே அதற்கு ஒரு வரி பதில் எழுத முடியும்.

இங்கேயும் தேதி ஒருமுறை ஏமாற்றப் பார்க்கும். 2025-இன் முதல் வரவு எது என்று கேட்டால் மேக்ரோ ஜனவரிக் குறிப்பை நீட்டும். அந்த வாத்தோ 2024 டிசம்பரிலேயே வந்து இறங்கியதாக இருக்கலாம். வலசைப் பருவம் ஆண்டின் இறுதியில் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் நீள்வது. நாட்காட்டியின் ஜனவரி அதை நடுவில் வெட்டுகிறது. எனவே 'பருவம்' என்று இன்னொரு புலம் சேர்த்து, ஜூலை முதல் அடுத்த ஜூன் வரை பார்த்த எல்லாவற்றுக்கும் தொடங்கிய ஆண்டையே எழுதிவிடுங்கள். 2025 ஜனவரி 18 அன்று பார்த்த வாத்துக்குப் பருவம் 2024. மேக்ரோவில் பருவத்தை முதலில் பிரித்து, அதற்குள் பார்த்தநாளின்படி அடுக்கச் சொன்னால், ஒவ்வொரு பருவத்திலும் நீங்கள் முதன்முதலாகப் பார்த்த வாத்து மேலே வரும்.